பெயரைக் கேட்டு வழி சொல்பவர் யார்?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., கணிப்பொறி அறிவியல்

விஞ்ஞானத்தைப் பற்றி எழுதப் புகுவோர் விண்கலத்தைப் பற்றியோ செயற்கை நுண்ணறிவைப் பற்றியோ எழுதுவதே கல்லூரி மலர்களின் வழக்கம். நான் எடுத்துக்கொண்ட பொருள் அவ்வளவு உயரத்தில் இல்லை. கல்லூரியின் வைஃபை இணைப்பை ஆளும் கன்ட்ரோலர் என்ற கருவியின் அமைப்புப் பக்கத்தில் ஒரு சிறு கட்டம் உண்டு. ‘டி.என்.எஸ். சர்வர்’ என்று அதன் அருகே எழுதியிருக்கும். அக்கட்டத்தில் புள்ளி வைத்துப் பிரித்த நான்கு எண்களை யாரோ ஒருவர் என்றோ ஒரு நாள் தட்டிவிட்டுப் போகிறார். அன்று முதல் நாம் அத்தனை பேரும் எந்தப் பக்கத்தைத் திறக்க நினைத்தாலும் முதலில் அந்த எண்ணுக்குரிய கணிப்பொறியிடம் போய் வழி கேட்க வேண்டும். அது சொன்னால் போகலாம். சொல்லாவிட்டால் நிற்க வேண்டும். தவறாகச் சொன்னால் தவறான வாசலில் போய் நிற்க வேண்டும். இவ்வளவு பெரிய காரியம் யாரோ ஒருவரின் கைப்பழக்கத்துக்கு விடப்பட்டிருக்கிறதே என்பதுதான் என் வருத்தம்.

வேறு துறை நண்பர்களுக்காகச் சிறிது விளக்க வேண்டியிருக்கிறது. விடுதிக்குப் புதிதாக வரும் மாணவனை எண்ணிப் பாருங்கள். கையில் பெட்டியோடு நிற்கும் அவனிடம் வார்டன் நான்கு செய்திகளைச் சொல்லுகிறார். உன் அறை எண் இது. வெளியே போகும் வாசல் அந்தப் பக்கம். இன்ன தேதி வரை அறை உனக்கு. ஏதேனும் விவரம் வேண்டுமானால் இன்ன அறையில் இருப்பவரைக் கேள். நம் கைப்பேசி வைஃபையில் சேர்ந்தவுடன் நடப்பதும் இதுவேதான். ‘யாரேனும் இருக்கிறீர்களா?’ என்று கைப்பேசி கூவுகிறது. ‘இந்த விலாசத்தை வைத்துக்கொள்’ என்று சர்வர் நீட்டுகிறது. ‘அதையே எடுத்துக்கொள்கிறேன்’ என்கிறது கைப்பேசி. ‘சரி’ என்கிறது சர்வர். கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும் இந்த நான்கு வார்த்தைப் பேச்சுக்குத்தான் டி.எச்.சி.பி. என்று பெயர். 1993 ஆம் ஆண்டு இதன் விதிமுறை முதன்முதலில் வெளிவந்தது. ரால்ஃப் டிரோம்ஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் எழுதி 1997 இல் வெளியான திருத்திய வடிவமே இன்றளவும் அடிப்படையாக இருந்து வருகிறது. அதற்கு முன் ஒவ்வொரு கணிப்பொறியிலும் ஒருவர் உட்கார்ந்து விலாசத்தைக் கையால் எழுதி வைப்பதே பெரும்பாலும் வழக்கமாக இருந்தது.

வார்டன் கடைசியாகச் சொன்னாரே, ‘இன்னாரைக் கேள்’ என்று, அதுதான் டி.என்.எஸ். சர்வரின் விலாசம். விதிமுறையில் அதற்கு ஆறாம் எண் கொடுத்திருக்கிறார்கள். அறை எண் தப்பினால் அந்த ஒருவனுக்குத்தான் தொல்லை. வழி சொல்பவர் தப்பினால் விடுதி முழுவதற்கும் தொல்லை.

மனிதனுக்குப் பெயர் நினைவிருக்கும், எண் நினைவிராது. கணிப்பொறிக்கோ எண்ணின்றி வேலை ஓடாது. இரண்டுக்கும் நடுவே ஓர் ஆள் வேண்டும். அமெரிக்காவில் ஆர்ப்பாநெட் என்ற வலைப்பின்னல் இருந்த நாளில் எல்லாக் கணிப்பொறிகளின் பெயரும் எண்ணும் ஒரே கோப்பில் அடங்கியிருந்தன. கலிஃபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில் எலிசபெத் ஃபைன்லர் என்ற அம்மையாரின் குழு அந்தக் கோப்பைக் கட்டிக் காத்தது. வலைப்பின்னல் வளர வளர அந்த ஒரு கோப்பால் ஈடுகொடுக்க முடியவில்லை. 1983 இல் பால் மொக்கபெட்ரிஸ் என்பவர் பெயர்களைக் கிளை கிளையாகப் பிரித்து, அந்தந்தக் கிளையை அந்தந்த உரிமையாளரே பார்த்துக்கொள்ளும் முறையை வகுத்தார். அதுவே டி.என்.எஸ். (தமிழிலேயே ‘.இந்தியா’ என்று முடியும் பெயர்கள்கூட இன்று அந்த மரத்தின் ஒரு கிளைதான். அதைப் பயன்படுத்துவோர் எத்தனை பேர் என்று கேட்டுச் சங்கடப்படுத்த வேண்டாம்.) மரத்தின் வேரை எட்டும் வழி உலகெங்கும் பரந்திருக்கிறது; வேர் சர்வர்களில் ஒன்றின் பிரதி நம் சென்னையிலும் உண்டு. ஆனால் நம் கைப்பேசி நேரே அந்த வேரிடம் போவதில்லை. தனக்குக் காட்டப்பட்ட ஓர் இடைத்தரகரிடம் கேட்டுவிட்டுச் சும்மா காத்திருக்கிறது. அந்த இடைத்தரகர் யார் என்பதுதான் நம் கேள்வி.

இனி கன்ட்ரோலருக்கு வருவோம். வீட்டில் ஒரே ஒரு ரூட்டர் போதும். கல்லூரியிலோ நூலகம், ஆய்வுக்கூடம், அரங்கம், அலுவலகம் என்று எங்கும் உத்தரத்தில் வெள்ளைத் தட்டுகளைப் போல அக்சஸ் பாயின்டுகள் தொங்குகின்றன. அவற்றை ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டிருக்க முடியாது என்பதால் எல்லாவற்றுக்கும் ஒரே மேலாளராகக் கன்ட்ரோலர் வைக்கப்படுகிறது. அதுவே டி.எச்.சி.பி. வேலையையும் பார்ப்பதுண்டு, அல்லது கேள்வியை வாங்கி வேறொரு சர்வருக்குக் கைமாற்றி விடுவதும் உண்டு. மாணவர்க்கு ஒரு வலை, ஆசிரியர்க்கு ஒரு வலை, விருந்தினர்க்கு ஒரு வலை என்று பிரித்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பட்டியல் உண்டு; ஒவ்வொரு பட்டியலிலும் டி.என்.எஸ். கட்டம் தனியாக உண்டு. இதை நண்பர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். மற்றொன்றையும் சொல்ல வேண்டும். உள்ளே நுழையப் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் பக்கம் தானாகத் திறக்கிறதே, அதுவும் பெயர் தேடலை நம்பித்தான் இருக்கிறது. கைப்பேசி ஏதோ ஒரு பெயரைக் கேட்டு அந்தப் பக்கம் வருகிறதா என்று சோதித்துப் பார்த்துத்தான் ‘இங்கே வாசற்காவல் இருக்கிறது’ என்று அறிகிறது. வழி சொல்பவர் ஊமையானால் வாசற்காவலரும் கண்ணில் படமாட்டார்.

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று எண்ண வேண்டாம். சென்ற ஆண்டு நடந்ததை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். கல்லூரிக்கு இணைப்பு வழங்கி வந்த நிறுவனம் மாறியது. புதிய நிறுவனத்தின் ஆட்கள் வந்தார்கள், கம்பி இழுத்தார்கள், ஆசிரியர் வலையில் டி.என்.எஸ். எண்ணை மாற்றினார்கள், சோதித்தார்கள், திறந்தது, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். மாணவர் வலையின் பட்டியலில் பழைய நிறுவனத்தின் எண்ணே இருந்தது. பழைய நிறுவனத்தின் சர்வர் தன் சந்தாதாரர் அல்லாதாருக்குப் பதில் சொல்வதில்லை. சொல்லக் கூடாது என்பதும் நியாயமே. கண்டவர்க்கெல்லாம் பதில் சொல்லும் சர்வரைப் பிறர்மேல் தாக்குதல் நடத்தக் கருவியாக்கிவிடுவார்கள். ஆக, நம் கைப்பேசியில் வைஃபைச் சின்னம் முழுதாகத் தெரிந்தது. ஒரு பக்கமும் திறக்கவில்லை. அது உதவித்தொகை விண்ணப்பத்தைப் புதுப்பிக்கக் கடைசி வாரம்.

புகார் சொல்லப் போனால் கிடைத்த பதில் என்ன? “எங்களுக்கு வருதே தம்பி, உன் போன்லதான் கோளாறு இருக்கும்.” சொன்னவர் பொய் சொல்லவில்லை. அவருடைய வலையில் உண்மையாகவே வந்தது. ஆனால் விலை குறைந்த கைப்பேசி வைத்திருக்கும் ஒருவனிடம் ‘உன் போனில்தான் கோளாறு’ என்று சொன்னால் அவன் நம்பிவிடுகிறான். அதுதான் இதில் கொடுமை. போனை அணைத்துப் போட்டான், சிம்மைக் கழற்றி மாட்டினான், நண்பனிடம் கேட்டான், கடைசியில் பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள பிரௌசிங் சென்டரில் போய் வரிசையில் நின்றான். வீட்டில் இணைப்பு உள்ளவர்களுக்கு இதனால் ஒரு நட்டமும் இல்லை. அன்று மாலையே வீட்டில் முடித்துக்கொண்டார்கள். வீட்டில் கணிப்பொறியும் இல்லை, விண்ணப்பம் நிரப்பத் தெரிந்த ஆளும் இல்லை, அன்றைய டேட்டாவும் தீர்ந்துவிட்டது என்ற நிலையில் உள்ள முதல் தலைமுறை மாணவர்க்கு நூலகத்து வைஃபைதான் அரசு அலுவலகத்தின் கதவு. அந்தக் கதவைச் சாத்தியது ஒரு கட்டத்தில் மாற்றப்படாத நான்கு எண்கள்.

இப்படிப்பட்ட நேரத்தில் குற்றம் போனிலா, வலையிலா என்று கண்டுபிடிக்க வெகு நேரம் ஆகாது. வெளியுலகில் உள்ள ஒரு சர்வரின் எண்ணுக்கு ‘பிங்’ அடித்தால் பதில் வருகிறது. பெயரைத் தட்டினால் வருவதில்லை என்றால், பாதை இருக்கிறது, வழி சொல்பவர்தான் இல்லை என்று பொருள். எல்லார்க்கும் தெரிந்திருக்க வேண்டிய சோதனை இது. இதைத் தெரிந்துகொள்ள பி.எஸ்ஸி. படிக்க வேண்டியதில்லை.

பிறகு எண் திருத்தப்பட்டது. ஆனாலும் சிலருக்கு உடனே வந்தது, சிலருக்கு வரவில்லை. அதற்கும் காரணம் உண்டு. வார்டன் அறையை ஒரு தவணைக்குத்தான் கொடுத்தார் அல்லவா? தவணையில் பாதி கழிந்த பிறகே கைப்பேசி மீண்டும் சர்வரிடம் போய்ப் புதுப்பிக்கக் கேட்கும். அப்போதுதான் புதிய டி.என்.எஸ். எண்ணும் அதன் காதில் விழும். தவணை ஒரு நாள் என்றால் பழைய எண் பன்னிரண்டு மணி நேரம் வரை ஒட்டிக்கொண்டிருக்கும். விண்டோஸ் சர்வரில் இயல்பாக எழுதியிருக்கும் தவணை 8 நாள். அதை அப்படியே விட்டிருந்தால் நான்கு நாள் வரை ஒட்டிக்கொண்டிருக்கும். வைஃபையை விட்டு மீண்டும் சேர்ந்தவர்கள் மறுபடியும் கேட்டு வாங்கியதால் தப்பித்தார்கள். ‘ஒரு முறை அணைத்துப் போடுங்கள்’ என்று ஒரு தாளில் எழுதி ஒட்டியிருந்தால் போதும், ஒட்டவில்லை. நீண்ட தவணைக்கு இன்னொரு தீங்கும் உண்டு. ஒரு சிறு வலையில் கொடுக்கக்கூடிய விலாசம் 254. காலையில் வந்து பத்து நிமிடம் நின்றுவிட்டுப் போன கைப்பேசியும் தன் விலாசத்தை நாள்கணக்கில் பூட்டி வைத்துக்கொண்டால், மதியம் வருபவனுக்கு விலாசமே மிஞ்சாது. எண்ணை மாற்றப் போகும் வாரத்தில் தவணையை முன்கூட்டியே ஒரு மணி நேரமாகக் குறைத்துவிட்டு, மாற்றிய பின் பழையபடி கூட்டிக்கொள்வதுதான் விவரம் அறிந்தோர் செய்வது.

அடுத்து, கற்றவர்களிடமும் காணப்படும் ஒரு மயக்கத்தைச் சொல்ல வேண்டும். டி.என்.எஸ். கட்டம் ஒன்றல்ல, இரண்டு மூன்று இருக்கும். முதற்கட்டத்தில் கல்லூரிக்குள் இருக்கும் சர்வரையும் இரண்டாம் கட்டத்தில் வெளிச் சர்வர் ஒன்றையும் எழுதி, ‘உள்ளே உள்ளது படுத்தால் வெளியே உள்ளது காப்பாற்றும்’ என்று மகிழ்வோர் பலர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நூலகத்தின் நூற்பட்டியல் சர்வர் போன்று கல்லூரிக்குள் மட்டும் வழங்கும் பெயர்களை வெளிச் சர்வர் அறியாது. அதனிடம் கேட்டால் ‘அப்படி ஒரு பெயரே இல்லை’ என்று அடித்துச் சொல்லும். அது மௌனம் அன்று, பதில். பதில் கிடைத்துவிட்டதால் கைப்பேசி மற்றவரைக் கேட்காது. எப்போது எந்தச் சர்வரைக் கேட்பது என்பதில் எல்லாக் கருவிகளும் ஒரே ஒழுங்கில் நடப்பதில்லை. ஆகவே நூற்பட்டியல் ஒருவனுக்குத் திறக்கும், அருகில் இருப்பவனுக்குத் திறக்காது. காலையில் திறக்கும், மாலையில் திறக்காது. முற்றிலும் கெட்டுப்போன வலையைத் திருத்திவிடலாம். இப்படி அரைகுறையாக ஓடும் வலையைத் திருத்துவது பேயோட்டுவதைப் போன்றது. இரண்டு கட்டங்களிலும் ஒரே பதிலைச் சொல்லக்கூடிய இருவரை எழுத வேண்டும். முதல்வர் பதில் சொல்லாவிட்டால் லினக்ஸ் கணிப்பொறி இயல்பாக 5 விநாடி காத்திருந்துதான் இரண்டாமவரிடம் போகும் என்பதையும் நினைவில் கொள்க. பக்கத்துக்குப் பக்கம் ஐந்து விநாடி என்றால் ‘நெட் ஸ்லோ’ என்ற புலம்பல் எங்கிருந்து பிறக்கிறது என்று விளங்கும்.

கைப்பழக்கம் எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடும் என்பதற்கு உலகறிந்த ஓர் உதாரணம் உண்டு. சிஸ்கோ நிறுவனத்தின் வயர்லெஸ் கன்ட்ரோலர்களில் உள்நுழைவுப் பக்கத்தைக் காட்டுவதற்கென்று ஒரு பொய் விலாசம் வைக்க வேண்டும். அது வெளியுலகில் யாருக்கும் உரியதாக இருக்கக் கூடாது. அந்நிறுவனத்தின் கையேடுகளில் நெடுங்காலம் அதற்கு எடுத்துக்காட்டாக எழுதப்பட்டிருந்த எண் 1.1.1.1. எழுதவும் எளிது, நினைவில் வைக்கவும் எளிது. அன்று அது யாருக்கும் ஒதுக்கப்படாததாகவும் இருந்தது. உலகெங்கும் கன்ட்ரோலர் அமைத்தவர்கள் கையேட்டைப் பார்த்து அதையே தட்டி வைத்தார்கள். 2010 ஜனவரியில் 1 என்று தொடங்கும் விலாசங்கள் ஆசிய பசிபிக் வட்டாரத்துக்கான பதிவகத்துக்கு ஒதுக்கப்பட்டன. 2018 ஏப்ரல் முதல் நாள் கிளவுட்ஃபிளேர் நிறுவனம் அந்தப் பதிவகத்துடன் உடன்பாடு செய்துகொண்டு அதே 1.1.1.1 என்ற எண்ணில் பொது டி.என்.எஸ். சர்வர் ஒன்றைத் திறந்தது. விளைவு என்ன? ஒருவர் தம் கணிப்பொறியில் அந்தச் சர்வரை எழுதிக்கொண்டு இப்படிப்பட்ட வலைக்குள் வந்தால், அவருடைய கேள்வி வாசலைத் தாண்டாமல் கன்ட்ரோலரிடமே போய் முட்டி நின்றது. யாருக்கும் உரியதல்ல என்று எண்ணி எடுத்த பெயர்ப்பலகை மற்றொருவர் வீட்டு விலாசமாகிவிட்டது. பின்னர், எடுத்துக்காட்டுகளுக்கென்றே ஒதுக்கப்பட்ட 192.0.2.1 போன்ற எண்ணை வைக்குமாறு அறிவுரை மாறியது. கையேட்டில் உள்ள எடுத்துக்காட்டைப் படித்து அறிய வேண்டுமே தவிர, பார்த்து எழுதக் கூடாது. தேர்வில் மட்டுமா காப்பி அடிப்பது குற்றம்?

நம் பக்கத்தில் அடிக்கடி காணும் கைப்பழக்கம் 8.8.8.8. இது கூகுள் நிறுவனம் 2009 டிசம்பரில் திறந்த பொது டி.என்.எஸ். சர்வர். இதை நான் பழிக்கவில்லை. விரைவானது, சென்ற ஆண்டு நம் மாணவர் வலையில் இருந்த எண்ணைப் போல நிறுவனம் மாறினால் மூடிக்கொள்ளாதது. அவசரத்துக்கு அதை எழுதி வலையை ஓடவிட்டவரைப் பாராட்டவும் செய்வேன். ஆனால் அவசரத்துக்கு எழுதியது அடுத்த ஐந்தாண்டுக்கு நின்றுவிடுகிறது என்பதுதான் குறை. ஆயிரம் மாணவர்கள் ஒரே பல்கலைக்கழகத் தளத்தின் பெயரைக் கேட்டால் ஆயிரம் கேள்வியும் வெளியே போய்த் திரும்புகின்றன. கல்லூரிக்குள் ஒரு சர்வர் இருந்தால் முதல் கேள்விக்கு வந்த பதிலைக் குறித்து வைத்துக்கொண்டு மற்றவர்க்கெல்லாம் தானே சொல்லிவிடும். நூலகத்துப் பெயர்களையும் அதுவே சொல்லும். வெளி இணைப்பு அறுந்த நாளிலும் உள்ளே இருப்பவை திறக்கும்.

மாறாக, வழி சொல்பவர் கெட்டவராக இருந்தால்? இது கற்பனை அன்று. எஸ்டோனியா நாட்டைச் சேர்ந்த ஒரு கும்பல் 2007 முதல் ஒரு தீய நிரலைப் பரப்பியது. அது கணிப்பொறிக்குள் புகுந்து டி.என்.எஸ். எண்ணை மாற்றி வைத்தது. வீட்டு ரூட்டர்களிலும் கைவைத்தது. அதன்பின் அந்தக் கணிப்பொறிகள் வழி கேட்டதெல்லாம் கும்பலின் சர்வரிடம். அது வேண்டிய விளம்பரப் பக்கங்களுக்குத் திருப்பிவிட்டுப் பணம் பண்ணியது. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் ஏறத்தாழ நாற்பது லட்சம் கணிப்பொறிகள் அதில் சிக்கின. 2011 நவம்பரில் அமெரிக்கப் புலனாய்வுத் துறையினர் கும்பலின் சர்வர்களைக் கைப்பற்றினார்கள். அப்போதுதான் வேடிக்கை. சர்வர்களை உடனே அணைத்தால் சிக்கிய அத்தனை பேருக்கும் இணையமே நின்றுபோகும். ஆகவே நீதிமன்ற உத்தரவுடன் அதே எண்களில் நல்ல சர்வர்களை வைத்து 2012 ஜூலை 9 வரை நடத்த வேண்டியதாயிற்று. ஓர் எண்ணை மாற்றியதற்கு எத்தனை பாடு!

நம் வளாகத்தில் அவ்வளவு பெரிய கும்பல் வராது. ஆனால் வகுப்பறைச் சுவரில் இருக்கும் இணைப்புத் துளையில் யாரேனும் வீட்டு ரூட்டர் ஒன்றைக் கொண்டுவந்து செருகினால், அதுவும் தன்னை ஒரு வார்டன் என்று எண்ணிக்கொண்டு விலாசம் கொடுக்கத் தொடங்கிவிடும். கைப்பேசி பெரும்பாலும் முதலில் கை நீட்டியவரிடமே வாங்கிக்கொள்ளும். நல்ல எண்ணத்தில் செருகினாலும் இதே கதிதான். இன்ன துளையிலிருந்து வரும் விலாசத்தை மட்டும் நம்பு என்று சுவிட்சிலும் கன்ட்ரோலரிலும் கட்டளை இட்டு வைக்க வழி இருக்கிறது. வழி இருந்தும் இட்டு வைப்பவர் குறைவு.

கல்லூரிக்கே சொந்தமாக ஒரு பெயர் சர்வர் வேண்டும் என்று சொல்லும்போதே அதன் மறுபக்கத்தையும் நான் மறைக்கக் கூடாது. வெளிச் சர்வருக்குக் கல்லூரி முழுவதும் ஒரே விலாசமாகத் தெரியும். நம்மில் யார் கேட்டார் என்று அதற்குத் தெரியாது. உள்ளே இருக்கும் சர்வருக்கோ ஒவ்வொரு கைப்பேசியும் தனித்தனியே தெரியும். எந்த மாணவி எந்த மருத்துவமனையின் பெயரைத் தேடினாள், எந்த மாணவன் இரவு எந்தப் பக்கத்துக்குப் போனான் என்ற பேரேடு அந்த அறையில் தானாக எழுதப்பட்டுவிடும். அதைப் புரட்டிப் பார்க்கும் ஆசை யாருக்கும் வரலாம். ஒழுங்கைக் காப்பதற்கு என்று சொல்லிக்கொண்டே வரலாம். மேலும் வேண்டாத தளங்களுக்குப் பொய் வழி சொல்லித் தடுப்பதும் இந்தச் சர்வரில் மிக எளிது. தடுப்பதே கூடாது என்று நான் வாதாடவில்லை. வகுப்பு நேரத்தில் திரைப்படம் பார்ப்பவனுக்காக வாதாட எனக்கு விருப்பமும் இல்லை. ஆனால் தடுத்தால் ‘தடுக்கப்பட்டிருக்கிறது’ என்று சொல்லும் பக்கம் வர வேண்டும். இல்லாவிடில் தளம் செத்ததா, போன் கெட்டதா, கல்லூரி தடுத்ததா என்று தெரியாமல் மாணவன் மீண்டும் பிரௌசிங் சென்டருக்குத்தான் ஓடுவான். பேரேட்டைப் பொறுத்தவரை, எத்தனை நாள் வைப்பது, யார் எழுத்து மூலம் கேட்டால் திறப்பது என்று கல்லூரி விதி வகுத்த பிறகே சர்வரை ஓடவிட வேண்டும். விதி இல்லாத சொந்தச் சர்வரைவிட 8.8.8.8 மேலானது என்றே சொல்வேன்.

‘இதெல்லாம் கான்ட்ராக்ட் எடுத்தவரின் வேலை, உங்களுக்கு ஏன்?’ என்று கேட்போர் உண்டு. கான்ட்ராக்டர் கன்ட்ரோலரை ஓட வைப்பார். நூலகத்துக் கணிப்பொறியின் பெயர் அவருக்கு எப்படித் தெரியும்? உதவித்தொகைக்குக் கடைசி நாள் எது என்று அவருக்கு எப்படித் தெரியும்? ‘மாணவரிடம் விடக்கூடிய வேலையா இது?’ என்பது அடுத்த கேள்வி. உலகில் மிகப் பரவலாகப் பயன்பட்டுவரும் டி.என்.எஸ். சர்வர் நிரலுக்கு பைண்ட் என்று பெயர். 1980களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் அதை முதலில் எழுதியவர்கள் நான்கு மேற்படிப்பு மாணவர்கள். எழுதச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. நிறுவிப் பார்க்கத்தான் கேட்கிறோம். பைண்டும் அன்பௌண்டும் விலையின்றிக் கிடைப்பவை. ஆய்வுக்கூடத்தில் ஒதுக்கி வைத்திருக்கும் பழைய கணிப்பொறி இரண்டு இதற்குத் தாராளமாகப் போதும். ஒன்றில் குறை நேர்ந்தால் மற்றொன்று அதே பதிலைச் சொல்லும். மூன்றாம் ஆண்டு மாணவர் இருவர், இரண்டாம் ஆண்டு மாணவர் இருவர், மேலே ஒரு பேராசிரியர் என்று பொறுப்பேற்றால் ஆண்டுதோறும் வேலை கைமாறிச் செல்லும். ‘கம்ப்யூட்டர் நெட்வொர்க்ஸ்’ பாடத்தில் படம் போட்டு மதிப்பெண் வாங்கிய அந்த நான்கு வார்த்தைப் பேச்சை நம் கண்ணெதிரே ஓட விட்டுப் பார்க்கும் வாய்ப்பும் கிடைக்கும்.

சொந்தச் சர்வர் அமைய நாளாகும். நிதி, அனுமதி, அறைச் சாவி என்று எத்தனையோ இருக்கின்றன. அதுவரை நாளைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. கன்ட்ரோலரில் உள்ள எல்லாப் பட்டியல்களையும் ஒரு முறை திறந்து பார்த்து, எந்த வலைக்கு எந்த டி.என்.எஸ். எண் கொடுக்கப்படுகிறது, தவணை எவ்வளவு, எந்தத் தளங்கள் தடுக்கப்பட்டுள்ளன, பழுதானால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று அரைப் பக்கத்தில் எழுதி நூலக வாசலில் உள்ள அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது. தமிழிலேயே எழுதலாம். எண்ணை மாற்றும் எவரும் எல்லா வலையிலும், குறிப்பாக மாணவர் வலையில், ஒரு மாணவனின் கைப்பேசியிலேயே சோதித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து வாங்க வேண்டும். எண் மாறும் நாளில் பலகையில் உள்ள தாளும் மாற வேண்டும். மாற்றியவர் பெயரும் தேதியும் அதன் அடியில் இருக்க வேண்டும்.